ஊர் ஏரியும் அண்ணன் குட்டையும்

போன வருஷம் மார்கழியில் பெரம்பலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாலு நாள் தங்க நேர்ந்தது. என் பெரியப்பா மகன் அங்கே விவசாயம் செய்கிறார். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும்தான் அவருடைய ஜீவனம். இரண்டும் மாறி மாறிக் கையைக் கடித்ததில் மனம் வெறுத்து, நிலத்தின் ஒரு மூலையில் பண்ணைக் குட்டை வெட்டி, போர்த் தண்ணீரை நிரப்பி, மீன் வளர்க்க ஆரம்பித்திருந்தார். கட்லா, ரோகு, மிருகால் என்ற மூன்று ஜாதி மீன்கள். முதல் வருஷம் நல்ல காசு கிடைத்தது. இரண்டாம் வருஷம் குஞ்சுகளை இரட்டிப்பாக விட்டார். அந்த மீனை நம்பித்தான் பெண்ணின் கல்லூரிப் பணத்துக்காக வீட்டு நகையை அடகு வைத்திருந்தார்.

நான் போன மறுநாள் காலையில் குட்டையின் ஓரமெல்லாம் வயிறு மேலாக மீன்கள் மிதந்தன. உயிரோடு இருந்தவையும் நிம்மதியாக இல்லை. கரைக் கல்லில் உடம்பைத் தேய்ப்பதும் துள்ளி விழுவதுமாக இருந்தன. அண்ணன் ஒரு ரோகுவைப் பிடித்து என் கையில் கொடுத்தார். செதிளின் மேல் உளுந்து அளவில், தட்டையாக, கண்ணாடிபோல உள்ளே எல்லாம் தெரிகிற ஒரு ஜந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளினேன். அது வழுக்கி நகர்ந்து இன்னொரு செதிளில் போய் உட்கார்ந்துகொண்டது. அது இருந்த இடத்தில் ரத்தம் கன்றிய சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"பேனு" என்றார் அண்ணன். "மீனுக்குப் பேன் பிடிக்கும்னு நம்ம தாத்தா சொல்லி நான் கேட்டதே இல்லை, தம்பி. ஏரி மீனுக்கு இது வராதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் அடுத்தபடியாகச் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"இன்னும் ஒரு இருநூறு உசிரோட கெடக்குது. இங்கேயே கெடந்து சாவணுமா? ராத்திரி அள்ளிக்கிட்டுப் போய் ஏரியிலே விட்டுடலாம்னு பாக்கறேன். பெரிய தண்ணி, பிழைச்சிக்கும். நீ என்ன சொல்றே?"

"நாளைக்குச் சொல்றேன், அண்ணே" என்று சொல்லிவிட்டு, மத்தியானமே அரியலூருக்குப் பஸ் ஏறினேன். மீன்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் சொன்னதும், அதன் பின் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் கீழே வருவது.

அண்ணன் பேன் என்று சொன்னது தவறில்லை. விஞ்ஞானிகள் ஆர்குலஸ் என்று சொல்லும் அந்த ஜந்துவுக்கு உலகமெங்கும் மீன் பேன் என்றுதான் பெயர். உண்மையில் அது பேன் குலம் அல்ல; இறால், நண்டு இவற்றின் தூரத்து உறவு. வயிற்றுப்புறம் இரண்டு உறிஞ்சு கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றால் மீனைப் பற்றிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் குத்தி ரத்தத்தைக் குடிக்கிறது. குத்திய இடம் புண்ணாகிறது. புண்ணில் வேறு கிருமிகளும் பூசணமும் வந்து சேருகின்றன. பேன் தொடங்கியதை அவை முடித்து வைக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பெண் பேன் மீனின் உடம்பில் முட்டை இடுவதில்லை. மீனை விட்டு இறங்கி நீந்திப் போய், கல்லிலும் மரக்கட்டையிலும் கரையில் முளைத்த செடியிலும் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டுகிறது. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் அவை பொரிகின்றன. பொரிந்த குஞ்சுக்குச் சில நாளைக்குள் ஒரு மீன் அகப்பட வேண்டும்; அகப்படாவிட்டால் சாக வேண்டியதுதான். மீன் நெருக்கமாக இருக்கும் குட்டையில் அந்தத் தேடல் மிகச் சுலபம். அதே முட்டை தண்ணீரை விட்டு வெளியே வந்து வெயிலில் காய்ந்தால் பொரிவதே இல்லை.

தண்ணீர் வற்றாத இடத்தில் பேன் பெருகும், வற்றும் இடத்தில் அற்றுப்போகும் என்பதுதான் இதன் சாரம். அண்ணன் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு நம் ஏரிகளின் பழைய கதைக்குப் போக வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கு, கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர்களை விட்டுவிட்டால், ஆற்று வளம் குறைவு. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைத் தேக்கி வைத்துக்கொண்டுதான் அங்கே ஜனங்கள் பிழைத்திருக்கிறார்கள். ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பிவிட்டு வந்து, 1025-ஆம் ஆண்டை ஒட்டிக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். அங்கே அவன் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரியை, நீரால் ஆன வெற்றித் தூணாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர். அதன் கரை பதினாறு மைல் நீளம் என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதற்கு முந்திய நூற்றாண்டில் ஆண்ட கண்டராதித்த சோழரின் பெயரை, அரியலூர் ஜில்லாவிலுள்ள ஓர் ஊர் இன்னும் தாங்கி நிற்கிறது. அங்கேயும் ஒரு பெரிய ஏரி உண்டு.

நாம் ஏரி என்றால் நெல்லை நினைக்கிறோம். கல்வெட்டு எழுதியவர்கள் மீனையும் மறக்கவில்லை. பாசிப்பாட்டம் என்று ஒரு சொல் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வரும் வருமானம் அது. அந்தப் பணத்தை ஏரியை வெட்டித் திருத்துவதற்கே செலவிட்டார்கள் என்பதுதான் சுவாரசியமான செய்தி. மீனால் வந்தது மீனுக்கு வீடான ஏரிக்கே திரும்பிப் போயிற்று. உத்தரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவையே பேசுகின்றன. ஏரி எந்தத் தனி மனிதனுடைய சொத்தும் அல்ல. அதில் இருந்த மீனும் அப்படியேதான்.

இந்த ஏற்பாட்டில் மீனுக்கு எப்போது முடிவு என்றால், கோடையில். பங்குனி, சித்திரையில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றும். ஒரு நாள் குறித்துத் தண்டோராப் போடுவார்கள். ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், வலையும் ஊத்தாவும் கூடையும் கையுமாக ஊரே ஏரிக்குள் இறங்கும். விரால், குறவை, கெளுத்தி, கெண்டை என்று அகப்பட்டதை அள்ளிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு ஊர் முழுவதும் ஒரே குழம்பு வாசனைதான். புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களில் இன்றும் இதை மீன்பிடித் திருவிழா என்று கொண்டாடுகிறார்கள். அதன் பிறகு ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். வண்டல் மண்ணை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். ஆடு மாடு மேயும். இரண்டு மாதம் அக்கினி வெயில் அந்தத் தரையைச் சுட்டு எடுக்கும்.

மீன் பேனின் முட்டையைக் கொல்ல வேண்டும் என்று நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. மீனுக்குப் பசி தீர்க்கும் குணம் உண்டு, வண்டலுக்கு எருவின் குணம் உண்டு, அவ்வளவே அவர்களுக்குத் தெரியும். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஏரி செத்துப் பிழைத்ததில், அதில் இருந்த ஒட்டுண்ணிகளும் வருஷத்துக்கு ஒரு தடவை அடியோடு குறைந்துபோயின. தாத்தா காலத்து ஏரியில் பேனே இல்லை என்று சொல்ல முடியாது. அது ஒரு பெரிய வாதையாக வளர்வதற்கு வேண்டிய அவகாசம் கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படி மாறியது?

1907-ல் சென்னை ராஜதானியில், சர் பிரடெரிக் நிகல்சன் என்ற அதிகாரியின் முயற்சியால் மீன் துறை உருவாயிற்று. நாட்டின் முதல் மீன் பண்ணைகளில் ஒன்றை 1911-ல் கர்நூல் பக்கத்தில் சுங்கேசுலாவில் வைத்தார்கள். 1920-களில் வடக்கே கோதாவரி, கிருஷ்ணா நீர்களில் வாழ்ந்த கட்லாவைக் காவிரிக்குக் கொண்டுவந்தார்கள். 1934-ல் மேட்டூர் அணை முடிந்ததும் அந்தத் தேக்கத்தில் கட்லா செழித்தது. 1939-ல் சாதாக் கெண்டை என்ற வெளிநாட்டு மீன் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. 1957-ல் அதே மீனின் இன்னொரு வகை பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு வந்தது. 1959-ல் வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் வந்தன.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் அங்குல் என்ற ஊரில் நடந்தது. கட்லா, ரோகு போன்றவை ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், குளத்தில் இடாது. அதனால் மீன் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில்தான் அரிக்க வேண்டும். ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, ஒரு மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, அதன் சாற்றை வேறு மீனுக்கு ஊசி மூலம் செலுத்தி, குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் நாடு இன்று மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறது. ஏழைக்கும் மலிவாக மீன் கிடைக்க வழி செய்த சாதனை அது. அதைக் குறைத்துச் சொன்னால் நன்றி கெட்டவர்களாவோம்.

ஆனால் அதன் பிறகு மீன் குஞ்சுக்குக் கால் முளைத்துவிட்டது. பிராணவாயு அடைத்த பிளாஸ்டிக் பையில் ஏறி ரயிலிலும் லாரியிலும் அது ஊர் ஊராகப் பிரயாணம் செய்யலாயிற்று. மீன் போகிற இடத்துக்கு அதன் மேல் குடியிருப்பதும் டிக்கெட் இல்லாமல் போகும். சென்னைப் பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆராய்ச்சியாளர் சி. பி. ஞானமுத்து, சென்னை மீன்களின் மேல் வாழும் நங்கூரப் புழு இனம் ஒன்றை 1951-லேயே விவரித்து எழுதியிருக்கிறார். மீன் பேனுக்கு அதுவும் ஒரு தூரத்து உறவு. பெண் புழு கிளை விட்ட கொம்பு போன்ற தலையை மீனின் தசைக்குள் நங்கூரம்போலப் பாய்ச்சிவிட்டு, முட்டைப் பைகள் இரண்டை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே காலம் தள்ளும்.

அப்படியானால் பழைய ஏரிக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படித்தான் எழுதி முடித்துவிட வேண்டுமென்று எனக்கும் ஆசைதான். அதற்கு இடம் கொடுக்காத ஒரு சம்பவம் இருக்கிறது.

1971-ல் ஜப்பானில் ஓயிட்டா என்ற பகுதியில் வளர்ப்பு மீன்களுக்கு உடம்பில் சிவப்புப் புள்ளி தோன்றி, அது குழிப் புண்ணாகி, மீன்கள் செத்தன. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து ஆறு ஒன்றில் அதே புண். 1970-களின் நடுவில் பப்புவா நியூகினி, 1980-ல் இந்தோனேசியா, பிறகு மலேயா, தாய்லாந்து, பர்மா என்று அது நகர்ந்தது. 1986-ல் பாங்காக்கில் நிபுணர்கள் கூடி அதற்கு ஒரு நீண்ட பெயர் வைத்தார்கள்; கொள்ளைப் புண் நோய் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெயர் வைத்ததால் அது நிற்கவில்லை. 1987-88-ல் இலங்கை, 1988-ல் வங்கதேசம், அதே வருஷம் திரிபுரா, அஸ்ஸாம். 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வந்து சேர்ந்தது.

இந்த நோய்க்குக் காரணம் வைரஸ் என்று ஒரு கட்சியும், பாக்டீரியா என்று ஒரு கட்சியும் வெகுகாலம் வாதாடின. புண்ணில் இரண்டுமே அகப்பட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். தசையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் பூசணம் போன்ற ஒரு நீர்வாழ் உயிர்தான் மூலம் என்பதை ஜப்பானியர் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் அதை ஒப்புக்கொள்ள 1990-கள் ஆயிற்று. அபானோமைசிஸ் இன்வேடன்ஸ் என்பது அதன் பெயர். பல நாட்டு நோய் மீன்களிலிருந்து எடுத்துச் சோதித்தபோது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வம்சமாக இருந்தன. அந்தந்த ஊரில் தானாக முளைத்ததாக இருந்தால் இப்படி இருக்காது. ஓரிடத்தில் கிளம்பி வேகமாகப் பரவியிருக்கிறது. மீன் வியாபாரத்தோடு பரவியிருக்க வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர்களின் பலமான சந்தேகம்.

இந்த நோய் யாரை முதலில் அடித்தது என்பதுதான் எனக்கு மனசைச் சங்கடப்படுத்தியது. விராலையும் குறவையையும் கெண்டையையும் ஆராலையும் அடித்தது. ஏரி காய்ந்தாலும் ஈரச் சேற்றில் பதுங்கி, மேல்காற்றைச் சுவாசித்து, அடுத்த மழை வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும் ஜாதி விரால். ஆயிரம் கோடையைத் தாண்டிய மீன் அது. கோடை போய், மழை கொட்டி, மார்கழி, தைக் குளிரில் தண்ணீர் சில்லிட்டு நிற்கும் சமயத்தில் அந்தப் பூசணம் வந்து அதைக் கொன்றது. பேனை ஒழித்த ஏரி வழக்கம் இதைத் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. வெளியூரிலிருந்து வரும் வியாதிக்கு ஏரியின் மதகில் பூட்டு கிடையாது.

நோய் பரவிய பல இடங்களில் ஜனங்கள் புண் பிடித்த மீனைப் பார்த்து அருவருத்து, நல்ல மீனையும் வாங்காமல் விட்டார்கள். அந்தப் பூசணம் மனிதனைத் தொடுவதில்லை. ஆனாலும் விலை விழுந்தது. குத்தகைப் பணம் கட்டிய மீனவர்கள் நஷ்டப்பட்டார்கள். சிகிச்சை என்று பார்த்தால், மிகப் பழைய சரக்கு ஒன்றுதான் அதிகம் பயன்பட்டது. அது சுண்ணாம்பு. அதோடு மஞ்சளைக் கலந்து போட்டவர்களும் உண்டு. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் சிபாக்ஸ் என்ற மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஆனால் மருந்தும் சுண்ணாம்பும் குட்டைக்குத்தான் போட முடியும். ஆற்றுக்கும் பெரிய ஏரிக்கும் யார் போடுவது? அங்கே நோய் தானாக வந்து தானாகத் தணிந்தால்தான் உண்டு. 2006-07-ல் அதே நோய் ஆப்பிரிக்காவில் ஜாம்பெசி ஆற்று நீர்களில் தலைகாட்டியது. இன்னும் அது அந்தக் கண்டத்தை விட்டுப் போகவில்லை.

சுண்ணாம்பு என்றதும் நண்பர் சிரித்தார். "நாம் உட்கார்ந்திருப்பதே அதன் மேல்தான்" என்றார். அரியலூர்ப் பூமி கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடியாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கல்லாய்ப்போன சிப்பிகளைப் பொறுக்கிக் காட்டுவார்கள். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் அந்தச் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சிமெண்ட் ஆலைகளுக்கு அதைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். வற்றிய குட்டையின் தரையில் சுட்ட சுண்ணாம்பைத் தூவினால் பேன் முட்டையும் நத்தையும் சாகின்றன, மண்ணின் புளிப்பும் போகிறது. என்றோ செத்துப்போன கடலின் சிப்பி இன்று உயிரோடிருக்கும் மீனுக்கு மருந்தாகிறது.

நத்தையைக் கொல்வதற்கும் காரணம் உண்டு. மீனில் கருப்புப் புள்ளியாகத் தெரியும் ஒருவகை ஒட்டுண்ணிப் புழு, முதலில் நத்தைக்குள் வளர்ந்து, பிறகு மீனின் தோலுக்குள் புகுந்து, அந்த மீனைத் தின்னும் பறவையின் வயிற்றில் பெரிதாகி, பறவையின் எச்சத்தோடு மறுபடி தண்ணீருக்கு வருகிறது. அரியலூர் ஜில்லாவில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. வரித்தலை வாத்து இமயத்துக்கு அப்பாலிருந்து பறந்து வரும் இடம். 2024-ல் அதைச் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். அத்தகைய ஏரியில் நத்தை, மீன், பறவை, புழு எல்லாம் ஒன்றாகத்தான் குடித்தனம் செய்யும். அதில் ஒன்றை மட்டும் தனியே பிரித்து மருந்து போட வழியில்லை.

நண்பர் கடைசியாக ஒன்று சொன்னார்: "உங்கள் அண்ணனுடைய குட்டை அவருக்குச் சொந்தம். அதில் இருக்கும் பேன் அவருக்குச் சொந்தமாக இருக்கும் வரைதான் அதை ஒழிக்க முடியும். ஏரிக்குப் போய்விட்டால் அது ஊருக்குச் சொந்தம்."

அன்று ராத்திரி இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடியே இருந்தார். "கண்ணு முன்னாலே சாவடிக்கச் சொல்றியா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். உயிரோடிருக்கிற மீனைப் பெரிய தண்ணீரில் விடுவது புண்ணியம் என்று வளர்ந்தவர் அவர். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்த நினைப்பில் தவறு கண்டுபிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஜப்பானிலிருந்து பெரம்பலூர்ச் சீமை வரை அந்தப் புண் நடந்து வந்த பாதையில், கெட்ட எண்ணத்தோடு மீனைக் கொண்டுபோய் விட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. எல்லோரும் ஏதோ ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் விட்டிருப்பார்கள்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் ஆள் வைத்து வலை போட்டார். பெரிய மீன்களைக் கழுவிப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கிடைத்த விலைக்கு அனுப்பினார். பேன் பிடித்த மீனைச் சமைத்துச் சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. சின்னதையும் செத்ததையும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார். குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் அது ஏரியில் போய்ச் சேரும். அதனால் மோட்டார் வைத்து மக்காச்சோளக் காட்டுக்கே இறைத்தார். அதற்கு ஒன்றரை நாள் பிடித்தது. வலையையும் கூடையையும் வெயிலில் காயப் போட்டார். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை.

சித்திரையில் போன் செய்தபோது குட்டை வெடித்துக் கிடப்பதாகச் சொன்னார். வண்டலை வெங்காயக் காட்டுக்கு அடித்துவிட்டு, தரைக்குச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார். மழைக்குப் பிறகு முன்னைக்குப் பாதிக் குஞ்சுதான் விடப்போகிறாராம். வாங்கும்போதே பார்த்து வாங்கி, தனித் தொட்டியில் சில நாள் வைத்திருந்து பிறகு விடுவதாக உத்தேசம். நகை இன்னும் மீளவில்லை.

"ஏரியிலே மீன் பிடிச்சாங்க, தம்பி" என்றார் பேச்சின் நடுவே. "நமக்கு ஒரு விரால் அகப்பட்டுது. முழங்கை நீளம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே ஒரு புள்ளி இல்லை."